இக்கோய்க்கு வயது பதிமூன்று

எழுதுவது அம்பாரோ, சொல்லுவது நான். எங்கள் படக் கம்பெனியில் அப்படித்தான் வேலை நடந்தது. தயாரிப்பாளர் பெபெங்கை நாங்கள் எல்லோரும் தீத்தா, அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்குப் படிக்கிற பழக்கமே கிடையாது. நூற்றுக்கு மேல் படம் எடுத்த மனுஷி, ஒரு திரைக்கதையையும் புரட்டிப் பார்த்ததில்லை. "காகிதத்தைப் பார்த்தா எனக்கு அழுகை வராது செடெங். நீ சொல்லு, வருதான்னு பார்ப்போம்" என்பார் என்னிடம். கேசோன் சிட்டியில் அவருடைய ஆபீஸ் மாடியில் ஒரு நீள மேஜை. நடுவில் டிஷ்யூ பெட்டி. அவருக்கு முன்னால் ஒரு தட்டில் பச்சை மாங்காயும் இறால் விழுதும். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை யாராவது ஒருவர் நடித்துக் காட்டிக் கதை சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்போது அவர் டிஷ்யூவைத் தொடாமல் மாங்காயை மென்றுகொண்டிருந்தால், கதை திரும்ப எழுத்தாளர் வீட்டுக்கே போக வேண்டியதுதான்.

அந்தச் சொல்லுகிற வேலைதான் எனக்கு. எழுத்து வராது, வாய் உண்டு. கதாநாயகி, வில்லன், இடி, மழை, ஆம்புலன்ஸ் சத்தம் எல்லாம் நானே. அம்பாரோ எனக்கு நேர் எதிர். அவள் எழுதினால் கல்லும் கரையும். வாயைத் திறந்தாலோ பக்கத்து நாற்காலிக்காரனுக்குக்கூடக் கேட்காது. அதனால் அவள் எழுத, நான் கத்த, இரண்டு பேரும் சேர்ந்து பல வருடம் பிழைப்பை ஓட்டினோம்.

அவளுடைய ஒரே மகன் இக்கோய்க்கு நான் ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று அவனைக் கையில் ஏந்தி நின்றவள் நான்தான். பூசை முடிவதற்குள் என் புதுச் சட்டையை நனைத்துவிட்டான் படவா. அன்றிலிருந்து நானும் அவளும் ஒருத்தியை ஒருத்தி "மாரே" என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளையின் தாயும் ஞானத்தாயும் எங்கள் ஊரில் அப்படித்தான். அவனுடைய அப்பன் செபுவில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போய்விட்டான். அந்த ஆளைப் பற்றி இதற்கு மேல் பேசினால் என் வாய்தான் நாறும்.

இக்கோய் ஒன்பது வயதில் டெங்குக் காய்ச்சலில் செத்துப்போனான்.

அடுத்த வருடம், அவனுடைய வருடப் பூசை முடிந்த கையோடு, அம்பாரோ என்னிடம் வந்தாள்.

"மாரே, இக்கோய் கதையைப் படமா எழுதப்போறேன்."

"பைத்தியமாடி உனக்கு?"

"எழுதிட்டா நெஞ்சு கொஞ்சம் லேசாகும்னு தோணுது."

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பெற்றவள் கேட்கிறாள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? தீத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவரும் இக்கோயின் சாவுக்கு வந்திருந்தவர்தான், விஷயம் தெரியும். அதோடு, கல்யாணம் செய்துகொண்டு ஒதுங்கியிருந்த ஒரு பெரிய நடிகை அப்போது மறுபடி நடிக்க வருவதாக இருந்தாள்; மூக்கு சிவக்க அழுகிற மாதிரி வேஷம்தான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தையில் மீன் விற்கிற ஒரு தாய், அவளுடைய ஒரே பையன் காய்ச்சலில் செத்துப்போகிறான், அதன் பிறகு அவள் எப்படி எழுந்து நிற்கிறாள். இதுதான் கதை. பையன் முதல் அரை மணி நேரத்தில் சாக வேண்டும் என்று பேச்சு. பையனுக்கு இக்கோய் என்றே பெயர் வைத்தாள்.

முதல் பிரதியை நான்தான் சொன்னேன். பையனுக்குக் காய்ச்சல் வருகிறது. தாய் விழுந்தடித்துக்கொண்டு கஷாயம் வைக்கிறாள். நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிடுகிறது. பையன் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பசிக்குது, பிறந்தநாளுக்குப் பண்ணுவியே, அந்த இனிப்பு ஸ்பகெட்டி பண்ணிக் கொடு" என்கிறான். தாய் சிரித்துக்கொண்டே செய்து கொடுக்கிறாள். உறிஞ்சி உறிஞ்சி அவன் சாப்பிடுவதை நான் அப்படியே செய்து காட்டினேன். பக்கத்தைத் திருப்பினால், தாய் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருக்கிறாள். அதற்கடுத்த பக்கத்தில் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருகிறான்.

தீத்தா மாங்காயைக் கீழே வைத்தார். "பையன் எப்பம்மா சாகிறான்?"

நான் பக்கங்களைப் புரட்டினேன். எங்கேயும் இல்லை. அம்பாரோவைப் பார்த்தேன். அவள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வெர்ஷன்ல எழுதிடுறேன் தீத்தா. முதல்ல ஜனங்களுக்குப் பையனைக் கொஞ்சம் பழக்கணும்னு நெனச்சேன்."

"அதுவும் சரிதான். பழகினாத்தான் சாகும்போது வலிக்கும்" என்றார் தீத்தா.

அப்படி ஆரம்பித்தது. அதன் பிறகு எத்தனை பிரதி என்று எனக்கே கணக்கு விட்டுப்போயிற்று. இந்தத் தொழிலில் இது ஒன்றும் புதிதில்லை. ஒரு கதை டிஸ்கஷனில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நடிகைக்கு முப்பத்தைந்து வயதுத் தாயாக நடிக்கப் பிடிக்கவில்லை, இருபத்தெட்டாக்கு என்பார்கள். ரசிகர்கள் ஜோடி கேட்கிறார்கள், மீன்காரிக்கு ஒரு ஐஸ் வண்டிக்காரனைக் காதலனாகப் போடு என்பார்கள். ஒரு நூடுல்ஸ் கம்பெனிக்காரன் பணம் போடுகிறான், பையனின் இனிப்பு ஸ்பகெட்டியை எடுத்துவிட்டுப் பாக்கெட் நூடுல்ஸ் ஆக்கு என்றார்கள் ஒரு தடவை. கடவுள் புண்ணியத்தில் அந்தக் கம்பெனிக்காரன் பின்வாங்கிவிட்டான். பையனுக்கு ஒரு ஞானத்தாய் இருந்தாள் அந்தக் கதையில். அதை ஒரு குண்டு காமெடி நடிகைக்குக் கொடுத்து, அவள் உட்கார்ந்தால் நாற்காலி உடைகிற மாதிரி ஆக்கினார்கள். அதையும் நானே நடித்துக் காட்டினேன், என் தலையெழுத்து!

மற்ற எழுத்தாளர்கள் இதற்கெல்லாம் எகிறுவார்கள். எங்களோடு வேலை பார்த்த டிண்டோ ஒருமுறை, நாலாவது தடவை திருத்தச் சொன்னதற்கு ஷூவைக் கழற்றிச் சுவரில் அடித்துவிட்டுப் போனவன், இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தான். அம்பாரோ அப்படி இல்லை. எது சொன்னாலும் "சரி தீத்தா". முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. அடுத்த வாரம் புத்தம்புதுப் பிரதியோடு வந்து நிற்பாள். ஐஸ் வண்டிக்காரன் வேண்டுமா, இதோ. ஆனால் அவன் தாயிடம் வருவதற்கு முன்னால் பையனிடம் சிநேகமாகிறான், அவனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். அதற்கே பதினைந்து பக்கம் போய்விடும். சாவு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

"எல்லாரும் அம்பாரோவைப் பார்த்துக் கத்துக்கங்கடா. ரோஷம், மண்ணாங்கட்டி ஒண்ணும் கிடையாது. தங்கம்!" என்பார் தீத்தா. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மரமண்டை நான்.

எல்லாம் ஒரு பையனுக்குக் குரல் உடைந்ததில் வெளியே வந்தது. முதல் பிரதிக்கே ஒரு சின்னப் பையனை நடிக்கப் பார்த்துவைத்திருந்தோம். நாங்கள் இழுத்த இழுப்பில் அவன் வளர்ந்து, தவளை மாதிரி பேச ஆரம்பித்துவிட்டான். வேறு பையன் பார்க்கலாம் என்றார் தீத்தா. எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத அம்பாரோ அன்றைக்குத் திறந்தாள்.

"வேணாம் தீத்தா. இதே பையன் இருக்கட்டும். கதையில பையனுக்குப் பன்னிரண்டு வயசுன்னு வச்சுக்கலாம்."

ஷேர் வண்டியான ஜீப்னியில் வீட்டுக்குத் திரும்பும்போது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "இந்த ஜூன்ல உயர்நிலைப் பள்ளிக்கூடம் போயிருப்பான்ல மாரே?"

"யாருடி?"

"இக்கோய்தான்."

வீட்டுக்குப் போய்ப் பழைய பிரதிகளையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நானே சொன்ன கதை, நானே நடித்த காட்சிகள். அப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிற மாதிரி இருந்தது. முதல் பிரதியில் அவனுக்கு ஒன்பது வயது. அடுத்ததில் பத்து, கோயிலில் முதல்முறையாகப் புது நன்மை வாங்குகிறான், வெள்ளைச் சட்டையில் இறால் விழுதைக் கொட்டிக்கொள்கிறான். அதற்கடுத்ததில் கோடை விடுமுறையில் தெருப் பையன்களோடு போய், எங்கள் ஊரில் எல்லாப் பையன்களும் செய்துகொள்கிற மாதிரி சுன்னத் செய்துகொண்டு, வலி தாங்காமல் அம்மாவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு காலை அகட்டி அகட்டி நடக்கிறான். அந்தக் காட்சியைக் கேட்டுத் தீத்தாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கடைசிப் பிரதியில் மேலுதட்டில் பூனைமுடி. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி போனால், தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறான்.

சேசு மரி சூசை! இவள் படம் எழுதவில்லை. பிள்ளையை வளர்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒவ்வொரு பிரதியிலும் காய்ச்சல் மட்டும் இருந்தது. காய்ச்சல் வரும், விடும், அவன் எழுந்து ஸ்பகெட்டி கேட்பான், சாப்பிடுவான். அதோடு அந்தக் காட்சி முடிந்துவிடும்.

அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். அதற்குப் பதிலாக நானும் கூட்டு சேர்ந்துகொண்டேன். தீத்தா ஒருவேளை திருப்தியாகிவிடப் போகிறாரோ என்று தோன்றுகிறபோதெல்லாம் நானே எதையாவது கொளுத்திப் போடுவேன். "தீத்தா, பையனுக்குக் கூடைப்பந்து ஆட ஆசைன்னு வச்சா?" "தீத்தா, அப்பன்காரன் ஒருநாள் திரும்பி வந்தா?" எல்லாவற்றுக்கும் தீத்தா தலையாட்டுவார், அம்பாரோ எழுதுவாள். இக்கோய் கூடைப்பந்து ஆடினான், தோற்றான், அழுதான், மறுபடி ஆடினான். எனக்கும் அவன் வேண்டியிருந்தது. என் கையில் ஏந்திய பிள்ளை அவன். வாரத்துக்கு ஒருமுறை அந்த மேஜை முன்னால் நின்று அவனைப் போலப் பேசும்போது, அவன் எங்கேயோ பக்கத்தில் நின்று, ஞானத்தாயை எப்போதும் கூப்பிடுவது போலவே, "நினாங், என் குரல் இப்படியா இருக்கும்?" என்று சிரிக்கிற மாதிரி இருக்கும்.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் தீத்தாவுக்குக் கிறிஸ்துமஸ் படவிழாவில் இடம் கிடைத்துவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி ஒரு வாரம் எங்கள் ஊர்த் தியேட்டர்களில் எங்கள் ஊர்ப் படம் மட்டும்தான் ஓடும். வருடம் முழுவதும் நஷ்டப்பட்டவன்கூட அந்த ஒரு வாரத்தில் நிமிர்ந்துவிடுவான். அதற்காக எல்லோரும் அடித்துக்கொள்வார்கள்.

"வியாழக்கிழமை எனக்கு முடிவு வேணும்" என்றார் தீத்தா. "பையன் சாகணும், நான் அழணும். அம்பாரோவால முடியலேன்னா டிண்டோ எழுதட்டும். அவன் ஒரு மத்தியானத்துல எழுதிடுவான்."

அதில் சந்தேகமே இல்லை. டிண்டோ எங்கள் படங்களில் எத்தனை பேரைக் கொன்றிருப்பான்! பஸ் கவிழ்ந்து, புற்றுநோய் வந்து, கதாநாயகியின் மடியில் தலை வைத்து. கெட்டவன் இல்லை, அவனுக்கு அது தொழில்.

புதன்கிழமை மத்தியானம் மரிகினாவில் அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒரு வரியும் எழுதாத காகிதம்.

"எழுதிடு மாரே" என்றேன்.

"எப்படிடி எழுதுவேன்?" கத்தியைப் பலகையில் வைத்தாள். "ஒவ்வொரு தடவையும் அந்த ஸ்பகெட்டி வரைக்கும் போறேன். தட்டை வச்சுக்கிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கான். வாயைச் சுத்திச் சிவப்பா அப்பிக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். சாப்பிடுற பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போய் எந்தத் தாயாவது சாகடிப்பாளா? நீயே சொல்லு."

"நீ செய்யலேன்னா டிண்டோ செய்வான்டி."

அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"அவனுக்கு என்ன தெரியும்?" என்றாள். "அவன் இக்கோயைப் பார்த்ததுகூட இல்லையே மாரே. மடியில படுக்க வச்சு, 'அம்மா, நான் சொர்க்கத்துல உனக்காகக் காத்திருப்பேன்'னு எழுதுவான். என் பிள்ளை அப்படியெல்லாம் பேச மாட்டான்."

"அப்ப எப்படிப் பேசினான்?"

கத்தியை எடுத்து மறுபடி பூண்டை உரிக்க ஆரம்பித்தாள். நாலு வருடத்தில் ஒருமுறைகூட அவள், அவன் போன அந்தச் சாயங்காலத்தைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. காய்ச்சல் விட்டதும் எனக்குப் போன் செய்து, "மாரே, விட்டுடுச்சு, பசிக்குதுங்கிறான்!" என்று கத்தியவள், அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் நடந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பூண்டை உரித்து முடித்தாள். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை வெறுங்கையோடு வந்தாள். ஒரு தாள்கூட இல்லை. டிண்டோ பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து உட்கார்ந்திருந்தான். நான் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தீத்தா கையை உயர்த்தினார்.

"இருங்க, இருங்க. நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். நேத்து பூசையில இருக்கும்போது தோணிச்சு. கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பிள்ளைகுட்டியோட படம் பார்க்க வர்றாங்க. அவங்களுக்குச் சவப்பெட்டியைக் காட்டி வீட்டுக்கு அனுப்புறதா? எனக்கே பேரப்பிள்ளைங்க இருக்கு. வேணாம். பையன் சாக வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போறான், எல்லாரும் கையை விரிச்சுடுறாங்க, தாய் மாதாகிட்ட மண்டியிட்டு அழறா, பையன் கண்ணைத் திறக்கிறான். அற்புதம்! எப்படி இருக்கு?"

எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அழுகையே வந்துவிட்டது. இதற்காகத்தானே இவள் இத்தனை வருடம் பக்கம் பக்கமாக அவனுக்கு ஆயுளைத் திருடிக்கொண்டிருந்தாள்! இப்போது முதலாளியே தூக்கிக் கொடுத்துவிட்டார். இனி ஒளிக்க வேண்டாம், இழுக்க வேண்டாம். மேஜைக்கடியில் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

அவள் அதை என் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.

"இல்ல தீத்தா" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. தீத்தா அதற்குள் பாட்டு எங்கே வைப்பது என்று பேசப் போய்விட்டார். அம்பாரோ எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது.

"இல்ல தீத்தா. அவன் செத்துட்டான்."

டிண்டோ பேனாவைக் கீழே வைத்தான்.

"கதையில சொல்றேம்மா" என்றார் தீத்தா மெதுவாக.

"தெரியும் தீத்தா. கேளுங்க. இன்னைக்கு நான் சொல்றேன்."

எப்போதும் நான் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றாள். நடிக்கவில்லை. கையை ஆட்டவில்லை. முதல் இரண்டு வார்த்தைக்கு எல்லோரும் முன்னால் குனிந்தார்கள், பிறகு தானாகவே கேட்க ஆரம்பித்துவிட்டது.

"நாலாம் நாள் காலையில காய்ச்சல் விட்டுடுச்சு. ஸ்பகெட்டி கேட்டான், செஞ்சு கொடுத்தேன், சாப்பிட்டான். நான் ஊருக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னேன். டெங்குல காய்ச்சல் விடுற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம்னு எனக்குத் தெரியல. சாயங்காலம் வயித்தை வலிக்குதுன்னான். கையும் காலும் ஐஸா இருந்துச்சு. டிரைசிக்கிள் ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரி முழுக்கப் பிள்ளைங்க. ஒரு கட்டில்ல ரெண்டு ரெண்டு பேரு. இவனை ஒரு சின்னப் பொண்ணோட போட்டாங்க, தலைமாடு கால்மாடா. அந்தப் பொண்ணோட அம்மா ஒரு அட்டையை வச்சு ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்து விசிறிக்கிட்டிருந்தா. யார் பெத்த மகராசியோ, எம்பிள்ளைக்கும் விசிறினா.

"இவன் என்கிட்ட, 'காய்ச்சல்தான் விட்டுடுச்சேம்மா, அப்புறம் ஏன் வந்தோம்?'ங்கிறான். 'சும்மா பார்த்துட்டுப் போயிடலாம்டா'ன்னேன். 'அப்ப என் செருப்பு எங்க? பாத்து எடுத்து வை, இங்க யாராவது தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க'ன்னான். புதுச் செருப்பு. அவனே கடையில பார்த்துப் பொறுக்கினது. நான் குனிஞ்சு கட்டிலுக்கு அடியில தேடினேன். ஒண்ணு கிடைச்சுது. இன்னொண்ணு உள்ள தள்ளிப் போயிருந்துச்சு. தரையில படுத்து கையை நீட்டி எடுத்தேன். 'ரெண்டும் இருக்குடா'ன்னு சொல்லிக்கிட்டே எழுந்தேன்.

"விசிறல் நின்னுபோயிருந்துச்சு. அந்தம்மா அட்டையைக் கீழ போட்டுட்டு வாயைப் பொத்திக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. அதுலதான் எனக்குத் தெரிஞ்சுது. நான் அவன் முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. அவன் போகும்போது நான் கட்டிலுக்கு அடியில கிடந்தேன் தீத்தா. செருப்பு தேடிக்கிட்டிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் மேஜையில் கவிழ்ந்துவிட்டேன். வெட்கம் மானம் எதுவும் இல்லாமல் குலுங்கிக் குலுங்கி அழுதேன். டிண்டோ சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். தீத்தா டிஷ்யூ பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக உருவிக் கண்ணில் ஒற்றினார். எழுந்து வந்து அம்பாரோவைக் கட்டிக்கொண்டார். நடிப்பில்லை, அந்த மனுஷி உண்மையாகவே தேம்பினார்.

"மகளே, மகளே. இத்தனை வருஷமா இதை உள்ள வச்சுக்கிட்டா இருந்தே?" என்றார். அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து நாற்காலிக்குத் திரும்பினார். தண்ணீர் குடித்தார்.

"டிண்டோ, எழுதிக்கோ. எல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த விசிறி, அந்தச் செருப்பு, கட்டிலுக்கு அடியில தேடுறது, ஒண்ணு விடாத. அவ எழுந்திருக்கிறா. அந்தம்மா வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறா. எல்லாரும் முடிஞ்சுபோச்சுன்னு நினைக்கிறாங்க. அப்ப, பையன் கண்ணைத் திறந்து, 'ரெண்டு செருப்பும் கிடைச்சுதாம்மா?'ன்னு கேட்கிறான்! ஐயோ, தியேட்டரே எழுந்து நிக்கும்."

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

"தீத்தா, உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?" என்று எழுந்தேன். "அவ பெத்த பிள்ளை செத்ததைச் சொல்றா! அதை எடுத்து நீங்க..."

அம்பாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடு மாரே."

"என்னத்தடி விடறது?"

"விடு. அவங்க பண்ணட்டும்." தீத்தாவைப் பார்த்து, "ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன் தீத்தா" என்றாள்.

"கேளும்மா. என்ன வேணும்னாலும் கேளு."

"பேரை மாத்திடுங்க. அந்தப் பையன் கண்ணைத் திறக்கட்டும், நல்லா இருக்கட்டும், நூறு வருஷம் இருக்கட்டும். ஆனா அது இக்கோய் இல்ல."

தீத்தா தலையாட்டினார். "என்ன பேர் வைக்கலாம்?"

"எது வேணும்னாலும் வச்சுக்கங்க."

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். மாடிப்படியில் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. மரிகினா போகிற ஜீப்னி வந்தது, ஏறினோம். வழி முழுக்க நான் தீத்தாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. குபாவ் வந்ததும், திடீரென்று கூரையைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"என்னடி?"

"இறங்கு மாரே. எங்கேயாவது கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போவோம். நேரா வீட்டுக்குப் போக வேணாம்."

சாவுக்குப் போய்விட்டு நேராக வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. வழியில் ஒரு கடையிலாவது கால் வைத்துவிட்டுத்தான் போவோம். இல்லாவிட்டால் செத்தவர் கூடவே வீட்டுக்கு வந்துவிடுவார் என்பார்கள். இக்கோயை அடக்கம் செய்த அன்று நாங்கள் எல்லோரும் கல்லறை வாசலிலிருந்த ரொட்டிக் கடையில் நுழைந்தோம். இவள் மட்டும் நுழையவில்லை. நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல், அந்த வெயிலில் நேராக வீட்டுக்கு நடந்து போனாள். அங்கே வாசல் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துக்கத்தில் மறந்துவிட்டாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன் நான்.

குபாவில் ஒரு டோனட் கடைக்குள் போனோம். காப்பி வாங்கினேன். பக்கத்து மேஜையில் பள்ளிக்கூடச் சீருடையில் நாலு பையன்கள் ஒரே போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். காப்பி ஆறிப்போயிற்று. நானும் எத்தனையோ பேரைப் பேசியே சிரிக்க வைத்தவள், அழ வைத்தவள். இப்போது சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்து என் காப்பியில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"போகலாமா?" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்தாள். பயந்துபோன குழந்தை மாதிரி என்னைப் பார்த்தாள்.

"மாரே, இப்ப நான் வீட்டுக்குப் போனா, அவன் அங்க இருக்க மாட்டான்ல?"

"இருக்க மாட்டான்டி" என்றேன்.